வேலூர் நூல்களும் பரபக்க நெறியும்

நூலாராய்ச்சி செய்வார்க்கு நம் பெரியோர் வகுத்தருளிய அளவைகள் பல. நன்னூலார் நூற்குரிய குற்றங்களைப் பத்தாகவும் அழகுகளைப் பத்தாகவும் வரையறுத்தார். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் அக்குற்றங்களுள் முன்நிற்பன. சித்தாந்த ஆசிரியர் இதனினும் ஒருபடி மேற்சென்றனர். அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக்கினார். பிறர் கொள்கைகளை முதற்கண் எடுத்து நிறுத்தி, அவற்றை ஒவ்வொன்றாக மறுத்து, அதன் பின்னரே தம் கொள்கையை நிறுவினார். எதிரியின் வழக்கை அவனே ஒப்புமாறு எடுத்துரைக்க மாட்டாதான் தன் வழக்கை நிறுவவும் தகுதியிலன் என்பது இவ்வமைப்பாற் பெறப்படும் நீதியாம். இந்நீதி சமய வாதத்திற்கு மட்டும் உரியதன்று. போரும் கொலையும் அரசியலும் பற்றி எழுந்த வரலாற்று நூல்களுக்கும், அவற்றைப் பொருளாகக் கொண்ட பாட்டிற்கும் கதைக்கும் அது பொதுவே.

வேலூரையும் அதனை அடுத்த இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களையும் கொண்ட பாலாற்றுப் பகுதி ஆசிரியர் பலர்க்கு நூற்பொருளாய் அமைந்துள்ளது. அந்நூல்களை இரு தொகுதியாக வகுக்கலாம். கி.பி. 1806-இல் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றியன ஒரு தொகுதி. தோல் பதனிடுந் தொழிலையும், அத்தொழிலொடு பிணைந்த குடிகளையும் பற்றியன மற்றொரு தொகுதி. முன்னது போரும் குற்றமும் வரலாறும் ஆம். பின்னது பெரும்பாலும் புனைகதை. இரண்டும் சைவ நன்மக்கள் கருத்தூன்றிக் கற்கத் தக்கன. என்னை? முன்னதில் திருநீறு விலக்கப்பட்ட செய்தி வருகின்றது. பின்னதில் திருநாளைப்போவார் தம் தொண்டிற்குக் கருவியாகக் கொண்ட தோல் வருகின்றது. இவ்விரு தொகுதியும் பரபக்க நெறியாகிய உரைகல்லில் எங்ஙனம் நிற்கின்றன என்பதே ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் நிகழ்ச்சியைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய மக்களும் சுற்றத்தாரும் வேலூர்க் கோட்டை அரண்மனையில் கும்பினியாரால் வைக்கப்பட்டிருந்தனர். 1805 நவம்பர் முதலாகச் சென்னைப் படைக்குப் புதிய உடை விதிகள் வந்தன. சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக்குறி இடுதலாகாது, காதணி அணிதலாகாது, தாடியை மழித்தல் வேண்டும், மீசையை ஒரே அளவாகக் குறைத்தல் வேண்டும், விலங்கின் தோலாற் செய்த சின்னம் பொருந்திய புதுத் தலைப்பாகையை அணிதல் வேண்டும் என்பன அவ்விதிகள். அத்தலைப்பாகை ஐரோப்பியர் தொப்பியை ஒத்திருந்தமையின், தம்மைக் கிறித்தவராக்கும் சூழ்ச்சி இதுவென்று சிப்பாய்கள் ஐயுற்றனர். 1806 மே திங்களில் மறுத்தெழுந்தோருள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் கசையடி பெற்றுப் படையினின்றும் நீக்கப்பட்டனர். ஜூன் திங்களில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், கிளர்ச்சி மூளப்போகின்றது என்று ஆங்கில அதிகாரிக்கு உரைத்தான். அவன் பித்தன் எனச் சுதேச அதிகாரிகள் கூறவே, அச்சொல் நம்பப்பட்டது. உண்மை உரைத்தவன் காவலில் வைக்கப்பட்டான்.

1806 ஜூலை 10-ஆம் நாள் வைகறைக்கு முன் கிளர்ச்சி மூண்டது. 69-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஆங்கிலச் சிப்பாய்கள் தம் விடுதியில் உறங்கிக் கிடந்தபோதே சுடப்பட்டனர். மருத்துவ விடுதியிற் கிடந்த நோயாளரும் கொல்லப்பட்டனர். கோட்டைத் தலைவராகிய கர்னல் பேன்கோர்ட் வீழ்ந்தார். அதிகாரிகள் 14 பேரும் 69-ஆம் பிரிவினர் 115 பேரும் மாண்டனர் என்பது பெருவழக்கான கணக்கு. கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஏறத்தாழ 16 மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டினின்றும் கில்லெஸ்பி என்பார் குதிரைப்படையுடன் விரைந்து வந்து, வாயிலைப் பீரங்கியாற் பிளந்து, காலையிலேயே கோட்டையை மீட்டார். அரண்மனையுட் புகலடைந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 100 பேர் வெளியே கொணரப்பட்டுச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். அந்நாளில் மாண்ட சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் என்பர். பின்னர் நடந்த விசாரணையில் பீரங்கி வாயிற் கட்டிச் சிதறடிக்கப்பட்டோர் 6 பேர்; சுடப்பட்டோர் 5 பேர்; தூக்கிலிடப்பட்டோர் 8 பேர்; நாடு கடத்தப்பட்டோர் 5 பேர். கிளர்ந்த மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. புதிய உடை விதிகள் நீக்கப்பட்டன. கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் சேனாதிபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியைப் பாடிய ஆங்கிலப் பாட்டு ஒன்று மிகவும் பெயர் பெற்றது. ஹென்றி நியூபோல்ட் என்னும் புலவர் கில்லெஸ்பியின் பெயரையே தலைப்பாகக் கொண்டு பாடியது அது. குதிரையின் குளம்படி கேட்கும் ஓட்டம் அப்பாட்டில் உண்டு. வைகறையின் தனிமை உண்டு. வீரனது துணிவு உண்டு. ஓசைநயம் அறிந்தார் அதனைப் பழித்தல் இயலாது. ஆயினும், நூற்குற்றங்களுள் முதலதாகிய குன்றக் கூறல் அதன்கண் முழுதும் நிறைந்துள்ளது. சிப்பாய் ஏன் எழுந்தான் என்னும் வினாவிற்கு அதிற் சிறிதும் இடமில்லை. வேலூரை வஞ்சக ஊர் எனப் பொருள்படும் அடைமொழியாற் சுட்டி அப்பாட்டு முடிகின்றது. அரண்மனைச் சுவரோரம் வீழ்ந்தவர்க்கு அதில் அரையடியும் இல்லை. வீரத்தைப் பாடுதல் தவறன்று. நம் புறத்திணை மரபும் வீரத்தைப் பாடிற்று; ஆயின் அது வென்றானைப் பாடிய வாயால் தோற்றானையும் பாடிற்று; ஆண்மகனை இழந்த மனையின் அழுகையையும் துறையாக வகுத்துக் கொண்டது. கையறுநிலை இல்லாத போர்ப்பாட்டு ஒரு சிறகால் பறக்க முயலும் புள்ளையே ஒக்கும்.

அப்பாட்டிற் காணாத அறவுணர்ச்சியை, அன்று வாயிலைப் பிளந்த பொறியியல் அதிகாரியாகிய ஜான் பிளாக்கிஸ்டன் 1829-இல் வெளியிட்ட நினைவு நூலிற் காணலாம். சுவரோரம் சிப்பாய்கள் சுடப்பட்ட காட்சியை அன்று தாம் ஏறக்குறைய அமைதியுடனே நோக்கியதாகவும், அதனை அப்போது தக்க தண்டமெனவே கருதியதாகவும் அவர் ஒப்புகின்றார். ஆயின், ஆண்டுகள் கடந்து எண்ணிப் பார்க்குமிடத்து அச்செயலை ஏற்பது தமக்கு அரிதாயிருக்கின்றது என்றும், அன்றைய தம் உள்ளநிலைக்குக் காரணங்கூற இயலவில்லை என்றும் எழுதுகின்றார். வென்ற பக்கத்தைச் சேர்ந்தவர், தாமே பங்குகொண்ட செயலைக் குறித்து, எவரும் கேளாதிருக்க இங்ஙனம் எழுதினார். புலவர் பாடாது விட்டதைப் படைவீரர் எழுதி வைத்தார். பாட்டிற்கு நூறாண்டுப் புகழ் வாய்த்தது. நினைவு நூலின் இவ்விரு வாக்கியங்களுக்கோ நடுநிலை நாடும் வரலாற்றாசிரியர் அனைவரும் கடன்பட்டுள்ளனர்.

இனி, வரலாற்று நூல்களை நோக்குவோம். தமிழில் இப்பொருளை விரித்தெழுதிய முன்னோடிகளுள் பேராசிரியர் ந. சஞ்சீவி ஒருவர். கலகம் என ஆங்கிலேயர் இழித்துரைத்ததனைப் ‘புரட்சி’ எனப் பெயரிட்டுத் தமிழ் மக்கள் முன் நிறுத்திய பெருமை ‘வேலூர்ப் புரட்சி’ என்னும் அவர் நூலுக்கு உண்டு. 1982-இல் பெ. சின்னியன் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அதனை ஆங்கிலேயர்க்கு எதிரான முதல் எழுச்சி எனத் தலைப்பிலேயே சுட்டியது. 1986-இல் மாயா குப்தா வெளியிட்ட நூல் பெண்டிங்கின் சென்னை ஆட்சியொடு இயைத்து இதனை ஆராய்ந்தது. 2007-இல் ஜேம்ஸ் ஹூவர் என்பார் ‘தொப்பியணியா மாந்தர்’ எனப் பொருள்படும் தலைப்பில், படையின் ஒழுங்குமுறையையும், சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலையும், மனக்குறையையும் ஆராய்ந்தார். 2021-இல் பேராசிரியர் க.அ. மணிக்குமார் இக்கிளர்ச்சியைப் பற்றித் தனி நூல் ஒன்று வெளியிட்டார். 2015-இல் பெர்டினண்ட் மவுண்ட் என்னும் ஆங்கில ஆசிரியர் ‘அரசர்களின் கண்ணீர்’ எனப் பொருள்படும் பெருநூலை எழுதினார். இந்தியாவில் ஆட்சி புரிந்த தம் முன்னோராகிய லோ குடும்பத்தாரின் வரலாறு அது.

இந்நூல்களின்கண் தலையாய வினா ஒன்று ஊடுருவி நிற்கின்றது. கிளர்ச்சிக்குக் காரணம் யாது? உடை விதியே காரணம் என்பார் ஒரு சாரார். திப்புவின் மக்கள் செய்த சூழ்ச்சியே காரணம் என்பார் மற்றொரு சாரார். ஊதியக் குறைவும் உயர்வடைய வழியின்மையுமே காரணம் என்பார் பிறிதொரு சாரார். இக்காரணப் பூசல் பிற்காலத்தார் படைத்ததன்று. 1806-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. விதிகளே காரணம் எனின் பழி கவர்னரையும் சேனாதிபதியையும் சாரும். அரசகுமாரர் சூழ்ச்சியே காரணம் எனின் பழி கைதிகளைச் சாரும். தத்தம் பதவியைக் காக்க முற்பட்டார் எழுதிய ஓலைகளையே பிற்கால ஆசிரியர் சான்றாகக் கொள்ள நேர்ந்தது. ஆதலின் சான்றின் உள்ளே மறைந்து நிற்கும் தன்னலத்தை உரைத்துக் காட்டுதலே இப்பொருளை எழுதுவார்க்கு முதற்கடமை. ஹைதராபாத்து, வாலாஜாபாத்து, நந்திதுர்க்கம், பாளையங்கோட்டை முதலிய பிற இடங்களிலும் அவ்வாண்டில் சிப்பாய்களிடையே கொந்தளிப்பு இருந்தது. திப்புவின் மக்கள் இல்லாத இடங்களிலும் மனக்குறை இருந்தமையால், சூழ்ச்சி ஒன்றே காரணம் என்னும் வழக்கு நிலைபெறாது. வேலூரில் மட்டும் குருதி பெருகியமையால், விதி ஒன்றே காரணம் என்னும் வழக்கும் முழுதும் நிலைபெறாது. இரண்டையும் ஒருங்கு கூறும் நூலே ஏற்புடைத்து.

மவுண்ட் எழுதிய நூலின் சிறப்பு ஈண்டு எடுத்துரைத்தற்குரியது. தம் குலத்தாரின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் அவர். அவருடைய முன்னோராகிய ஜான் லோ இளம் அதிகாரியாகச் சேர்ந்த படையே வேலூரிற் கிளர்ந்தெழுந்த படைகளுள் ஒன்று. அங்ஙனமிருந்தும், கொல்லப்பட்ட ஆங்கிலேயரின் துயரத்தைக் காட்டிச் சிப்பாயின் குறையை மறைக்கவில்லை. சிப்பாயின் குறையைக் காட்டி உறங்கினோர் கொலையுண்டதையும் மறைக்கவில்லை. தம் முன்னோர் பெற்ற செல்வமும் பதவியும் எவருடைய இழப்பால் வந்தன என்பதனை நூல் முழுதும் உசாவிச் செல்கின்றார். குறை கூறுவதாயின், அந்நூலின் கண் ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் பெயரும் முகமும் கடிதமும் உடையராய் நடமாடுகின்றனர். சிப்பாயோ பெரும்பாலும் கூட்டமாகவே நிற்கின்றான். இஃது ஆசிரியர் குற்றம் என்பதினும் சான்றின் குறை என்றலே தகும். பேன்கோர்ட்டின் மனைவியார் தாம் மக்களுடன் ஒளிந்து உயிர் தப்பியதை எழுதி வைத்தார். சுவரோரம் வீழ்ந்த சிப்பாயின் மனைவி எழுதியதொன்றும் இல்லை. சிப்பாயின் குரல் விசாரணை மன்றத்தில் வினாவிற்கு விடையாக, உயிரச்சத்தொடு, மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாக மட்டுமே எஞ்சியுள்ளது.

இனி, நம்மவரிடையே மேடைகளிலும் சிறு பிரசுரங்களிலும் வழங்கிவரும் கூற்றொன்றையும் ஆராய்தல் வேண்டும். வேலூர்க் கிளர்ச்சி திருநீற்றுக்காக எழுந்த சமயப் போர் எனச் சிலர் கூறுகின்றனர். நெற்றிக்குறி விலக்கப்பட்டது மெய். அதனை வெறும் அலங்காரம் எனக் கருதிய ஆங்கில அதிகாரிகளின் அறியாமையும் மெய். திருநீறு சைவர்க்கு மலம் நீங்கிய தூய நிலையின் அடையாளம். அதனை அழிப்பித்தல் உடையை மாற்றுவித்தல் போன்றதன்று. இவ்வேறுபாட்டை உணராது ‘சாதிக்குறி’ என்னும் ஒரு சொல்லால் அடக்கிச் செல்லும் நூல்கள் குன்றக் கூறுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயின், நீறு ஒன்றையே காரணமாக்கும் பிரசுரங்கள் மிகைபடக் கூறுகின்றன. தாடி மழித்தலால் மனம் நொந்தவர் முஸ்லிம் சிப்பாய்கள். கசையடி பெற்ற இருவருள் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஏறிய கொடி மைசூர்க் கொடி. இருசாராரும் ஒன்றுபட்டு எழுந்ததே அந்நாளின் சிறப்பு. அதனை ஒரு சமயத்தார்க்கே உரிமையாக்குதல் அவ்வீரர் ஒன்றுபட்ட ஒற்றுமையை இரண்டாம் முறை சுட்டு வீழ்த்துவதாகும்.

திருநீற்றின் பெருமையைப் போர்க்களத்தில் வைத்துக் காட்டிய நூல் நம்மிடத்தே உண்டு. ஏனாதிநாத நாயனார் வாட்பயிற்சியில் ஒப்பற்றவர். அவரை நேர்நின்று வெல்லமாட்டாத அதிசூரன் நெற்றியில் நீறு பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்து வந்து, தக்க சமயத்தில் வெளிப்படுத்தினான். நீற்றைக் கண்ட நாயனார் அவனை வெட்டாது தாமே வெட்டுண்ணத் துணிந்தார். ஆயினும் கைவாளைக் கீழே எறிந்தாரல்லர். படைக்கலம் இல்லாதவரைக் கொன்றான் என்னும் பழி அவனுக்கு வருதலாகாது எனக் கருதி, வாளேந்தியவராகவே நின்றார் என்பது சேக்கிழார் காட்டும் நுட்பம். தன்னைக் கொல்வான் மீது பழி சேராமற் காத்தலே நீற்றின் அறம் என்பது அவ்வரலாற்றின் பயன். நீற்றின் பெயரால் வேலூர்க் கதையை எழுதுவார், உறங்கினோரும் நோயாளரும் கொல்லப்பட்ட செய்தியை மறைப்பரேல், அவர் நீற்றின் பெருமையைக் கூறியவராகார். மறைக்காது கூறி, அதற்காக இரங்கி, அதன்பின் சிப்பாயின் உரிமையை நிலைநாட்டுதலே சைவர் எழுதத்தக்க வரலாறு.

ஈண்டுப் பிறிதொன்றும் நினைத்தற்குரியது. நீறு விலக்கப்பட்ட அக்கோட்டையினுள்ளே சலகண்டேசுவரர் திருக்கோயில் அந்நாளில் வழிபாடின்றிக் கிடந்தது. சத்துவாச்சாரியில் இருந்த இலிங்கத் திருமேனி 1981-இலேயே மீண்டும் எழுந்தருளுவிக்கப்பட்டது. நெற்றிக்குறி அழிக்கப்பட்டதற்குச் சினந்த சிப்பாய்கள், மூர்த்தி இல்லாத கோயிலின் அருகே நாளும் காவல் நின்றனர். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கும் நூல் இனித்தான் எழுதப்படல் வேண்டும்.

கிளர்ச்சியைப் பற்றிய நூல்கள் யாவும் தலைப்பாகையின் தோற்சின்னத்தைக் குறிக்கத் தவறுவதில்லை. அது பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்னும் ஐயம் இருசாராரையும் வருத்திற்று என எழுதுவர். அத்தோலைப் பதனிட்டவன் யார் என்பதோ வரலாறு கேட்க மறந்த வினா. சென்னைப் படையிற் பல சாதியாரும் இருந்தனர். தோலைத் தொட்டு வாழ்ந்த குடியிற் பிறந்த சிப்பாய் அச்சின்னத்தைப் பற்றி என்ன நினைந்தான் என்பதற்கும் சான்றில்லை. சான்று வாய்மூடும் இவ்விடத்திலேதான் புனைகதை வாய் திறக்கின்றது. ஆதலின் இரண்டாந் தொகுதி நூல்கள் முதற்றொகுதியின் நிறைவாகவே கொள்ளத்தக்கன.

தோற்றொழிலைப் பற்றிய தமிழ்ப் புதினங்களுள் டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ முதன்மையானது; 2012-இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. அதன் களம் வேலூர் நாடன்று, திண்டுக்கல். ஆயினும் ‘தோல் ஷாப்பு’ என மக்கள் வழங்கும் அத்தொழிற்சாலையின் வாழ்க்கை இரு நாட்டிற்கும் பொதுவாதலின், ஆம்பூர்த் தொழிலாளியும் அந்நூலிற் தன்னைக் காண்பான். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கைகால் வெந்தவர், முன்பணம் பெற்று மீளமாட்டாது கட்டுண்டவர், சங்கம் கண்டு தலைநிமிர்ந்தவர் என அந்நூலின் மாந்தர் பலர். வழக்கறிஞராகவும் பொதுவுடைமை இயக்கத்தவராகவும் விளங்கிய ஆசிரியர், தொழிலாளியின் பக்கம் நின்றே எழுதினார். முதலாளியின் உள்ளத்துள் அவர் புகுந்த அளவு குறைவு என்பது பரபக்க நெறியாற் கூறத்தக்க குறை. ஆயின், நெடுங்காலம் ஒரு பக்கமே பேசிய மன்றத்தில் மறுபக்கம் முதன்முறையாக எழுந்து பேசும்போது, அது உரக்கப் பேசுதல் இயல்பே என்பதனையும் உடன் கூறல் வேண்டும்.

பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவன் கவிதை, சிறுகதை, புதினம் ஆகிய மூன்றினும் எழுதிவருபவர். 2001-இல் வெளிவந்த ‘தகப்பன் கொடி’ என்னும் புதினத்தில், ஒடுக்கப்பட்ட குடியொன்று நிலத்தொடு கொண்ட உறவையும் அதன் இழப்பையும் அவர் எழுதினார். ‘வல்லிசை’ என்னும் புதினத்தில் பறையையும் அதனை அடிப்போர் வாழ்வையும் பொருளாகக் கொண்டார். அவருடைய நடையில் வடார்க்காட்டுப் பேச்சு வழக்கு விரவி வருதலின், இலக்கணப் பயிற்சியுடையார் சிலர் முகஞ்சுளிப்பர். அவர்க்கு நினைவூட்டத்தக்க வரலாறு ஒன்றுண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அணுகியபோது, இலக்கண வழுவும் பெரியபுராணத்தொடு மாறுபாடும் கண்ட பிள்ளையவர்கள் முதலில் உடன்பட்டிலர். பாரதியார் பல நாள் வந்து காத்திருந்து, ஒருநாள் அக்கீர்த்தனையை உள்ளமுருகப் பாடக் கேட்டபின் மனமிரங்கிச் சிறப்புப்பாயிரம் அளித்தருளினார். இலக்கணக் கடலாகிய அப்பெரியார்க்கு இல்லாத வீம்பு பிறர்க்கு எற்றுக்கு?

சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார், திருக்கோயில் முரசுகளுக்கும் பிற கருவிகளுக்கும் வேண்டும் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் வேண்டும் நரம்பும், அருச்சனைக்கு வேண்டும் கோரோசனையும் அளித்த தொண்டர். கருவறையின் முன் முழங்கும் முழவு அவர் கைத்தோலால் முழங்கியது. அவரோ புறத்தே நின்றார். இறைவனோ யானைத்தோலைப் போர்த்தவன், புலித்தோலை உடுத்தவன். இங்ஙனமிருந்தும் அத்தொண்டர் மரபினர் ஆலயத்துட் புகுதற்கு 1939-இலும் 1947-இலும் சென்னை மாகாணத்தில் சட்டங்கள் இயற்றப்பட வேண்டியிருந்தன. நாயன்மார் வரிசையில் ஒருவரை வைத்துப் பூசித்தோம் என்பது சைவரின் சுபக்கம். அவர் மரபினரை வாயிலில் நிறுத்தினீர் என்பது அழகிய பெரியவன் போன்றாரின் நூல்களில் ஒலிக்கும் பரபக்கம். இப்பரபக்கத்தைச் செவிதாழ்த்துக் கேளாது திருநாளைப்போவார் புராணத்திற்குப் பொருளுரைத்தல் பொருந்தாது. அந்நூல்களில் சினம் உண்டு; சிலவிடத்துச் சமயத்தின் மீதே வெறுப்பும் உண்டு. சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதனுக்கும் பேச இடந்தந்த மரபு, பறையடித்துக் கைகாய்த்தவன் பேரன் பேசுதற்கு இடந்தர மறுக்குமாயின் அது தன் முன்னோர் நெறியினின்றும் வழுவியதாகும்.

குற்றம் பற்றிய நூல் இத்தோல் நாட்டில் இன்னும் எழுதப்படவில்லையே என்று எண்ணத் தோன்றும் செய்தி ஒன்றுண்டு. 2015 ஜனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகே உறங்கிக் கிடந்த தொழிலாளர் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினின்றும் பிழைப்புத் தேடி வந்தவர். 1806-இல் உறங்கினோர் இறந்ததற்கு அயல்நாட்டில் பாட்டும் நூலும் எழுந்தன. 2015-இல் உறங்கினோர் இறந்ததற்கு அவர்தம் பெயரைத் தாங்கிய பாட்டு யாண்டுளது? கொலைக்கருவி ஏந்தியவன் இல்லாத கொலையை எழுதுதற்குத் துப்பறியும் கதையின் முறை பயன்படாது. அதற்குத் தோலின் கணக்கும் நீரின் கணக்கும் அறிந்த ஆசிரியர் வேண்டும்.

அத்தகைய நூலுக்கு மாதிரியாகக் கொள்ளத்தக்கது, வியப்பாயினும், நீதிமன்றத் தீர்ப்பொன்று. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் அளித்த தீர்ப்பே அது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாதலையும், தோற்றொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ சிறிதாகவோ பயிருக்கு உதவாதாயிற்று என்பதனையும் அது பதிவு செய்தது. அத்துடன் அமையாது, இத்தொழிலால் அயல்நாட்டுச் செலாவணி வருவதனையும் பலர் பிழைப்பதனையும் முதற்கண் ஒப்புக்கொண்டு, அதன் பின்னரே, அதனால் நீரையும் நிலத்தையும் கெடுக்கும் உரிமை பிறவாது எனத் தீர்ப்பளித்தது. பரபக்கம் கூறிச் சுபக்கம் நிறுவிய முறை இதுவன்றோ? பாலாறு அதனால் தெளிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30-இலும் அதே நீதிமன்றம் இப்பொருள் குறித்து மீண்டும் ஆணையிட நேர்ந்தது. எனினும் எழுதுவார்க்கு அத்தீர்ப்பின் அமைப்பு வழிகாட்டியாம்.

இத்தொழிலின் பக்கத்தையும் எழுதுவார் மறத்தலாகாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழந்தொழிலை வாணிகமாக வளர்த்த குடும்பத்தார் பலர் வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம்கள். 1919-இல் வாணியம்பாடியில் இசுலாமியாக் கல்லூரி எழுந்தது அந்நகர முஸ்லிம்களின் கல்வி முயற்சியால். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கும் மகளிர் பலர். ஆற்றின் துயரத்தை எழுதுபவன் அம்மகளிரின் அடுப்பையும் எழுதவேண்டும். அடுப்பை மட்டும் எழுதுபவன் கிணற்றையும் இறைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகவே, வேலூர் நாட்டைப் பற்றிய நூல்களைக் கற்கப் புகும் அன்பர்கள் நூலாசிரியன் எப்பக்கத்தான் என்று முதலில் வினவுதல் வேண்டா. மறுபக்கத்தான் இந்நூலைக் கற்பின் ‘என் வழக்கை ஒளிக்காது உரைத்தான்’ எனச் சொல்வானா என்று வினவுக. அவ்வினாவிற்கு நியூபோல்டின் பாட்டு விடைதர மாட்டாது. பிளாக்கிஸ்டனின் நினைவு நூல் ஓரளவு விடை தரும். மவுண்டின் நூல் பெரிதும் தரும். நம்மவரின் மேடைப் பிரசுரங்கள் நியூபோல்டின் வரிசையிலேயே நிற்கின்றன. ‘தோல்’, ‘தகப்பன் கொடி’, ‘வல்லிசை’ ஆகியன மறுபக்கத்தின் குரலாகவே எழுந்தமையின், அவற்றுக்கு விடை கூறும் கடன் கற்பாரையே சாரும். உறங்கியபோது இறந்த ஆங்கிலச் சிப்பாயும், சுவரோரம் நின்று இறந்த தமிழ்ச் சிப்பாயும், கழிவுச் சேற்றில் இறந்த வங்கத் தொழிலாளியும் பசுவென்னும் பெயரால் ஓரினத்தவரே என்பது சித்தாந்தம். அம்மூவரையும் ஒரே கண்ணால் நோக்கி எழுதப்பட்ட நூல் தமிழில் வெளிவருமாயின், அதன் சிறப்புப்பாயிரத்தை எழுதச் சைவர் தயங்குதல் ஆகாது.